சிவப்பு இல்லாத வெளிச்சம்

வெளிச்சம் பொய் சொல்லும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம் தத்துவக்காரர்களுக்குத் தெரியாது. ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துப் பார்ப்பவள், விலையைக் கேட்பதற்கு முன், அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவாசலுக்கு வருகிறாள். உள்ளே குழல்விளக்கில் தெரிந்த அரக்கு வேறு, வாசல் வெயிலில் தெரியும் அரக்கு வேறு. இரண்டில் எது புடவையின் நிறம் என்று கேட்டால் சிரிப்பாள். வாசலில் தெரிவதுதான், இதிலென்ன சந்தேகம்? ஆனால் அந்தப் புடவை அதன் முக்கியமான தருணங்களில் பாதியை விளக்கு வெளிச்சத்தில்தான் கழிக்கப்போகிறது. பகலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்பது எளிய கேள்வி அல்ல.

நியூட்டன் தன் 'ஆப்டிக்ஸ்' நூலில் (1704) கதிர்களுக்கு நிறம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு குறிப்பிட்ட நிறத்தை நம்மிடம் எழுப்புகிற சக்திதான் கதிரில் உண்டு. நிறம் என்பது நம் பக்கத்தில் நிகழ்வது. நூறு வருஷம் கழித்து, 1810ல், கதே இதை மறுத்துப் பெரிய புத்தகமே எழுதினார். பௌதிகத்தில் கதே தோற்றுப்போனார். ஆனால் நிழல், அந்தி, கண்ணின் சோர்வு எல்லாம் சேர்ந்துதான் நிறம் என்று அவர் பிடித்த பிடியிலிருந்து இன்னும் யாரும் முழுக்க விடுபடவில்லை. விட்கன்ஸ்டைன் சாகும் வருஷம்வரை (1951) நிறத்தைப் பற்றிக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பெயர்களைச் சொல்வது அலங்காரத்துக்கல்ல. நான் பேசப்போவது ஒரு சில்லறைச் சமாச்சாரம். அதற்குள் இந்தப் பழைய வழக்கு ஒளிந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

தேனியில் எனக்குப் பரிச்சயமான ஒருவர் பழைய மெர்க்குரித் தெருவிளக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களைப் போல உலகத்தில் பல இடங்களில் விளக்கு சேர்ப்பவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வாழ்நாள் முழுவதும் ஒப்பந்தக்காரர்களிடம் வயரிங் வேலை பார்த்தவர். 2015 ஜனவரியில் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதையொட்டிய வருஷங்களில் கம்பங்களிலிருந்து இறங்கியவை பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. அலுமினியக் கூண்டுக்கு எடை உண்டு, சோக்கில் செம்பு உண்டு. பல்புக்கு மட்டும் விலை கிடையாது. அந்த விலையில்லாததைத்தான் இவர் கேட்டு வாங்கிவந்தார். 80 வாட், 125, 250. பெரும்பாலானவை உள்பக்கம் வெள்ளைப் பூச்சுப் பூசியவை; இரண்டு மட்டும் பூச்சில்லாத தெளிந்த கண்ணாடி.

மாடி அறையில் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர். அதன் முன்னால் ஒரு ஹோல்டர், ஒரு சோக்கு. பல்பை மாட்டிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்பார். மெர்க்குரி போட்டவுடன் எரியாது. முதலில் ஒரு சாம்பல் ஊதாவாக முனகும், பிறகு மெதுவாகத் தன் நிறத்துக்கு வரும். வந்த பிறகு, கோடு போட்ட நோட்டில், தேதி, வாட், எந்த ஊர் எந்தத் தெருவில் தொங்கியது, என்ன நிறம் என்று எழுதுவார். நிறத்துக்கான பத்தியில் கெல்வின் எண்கள் கிடையாது. 'நீராகாரம்', 'தேங்காய்த் தண்ணி', 'பாசி', 'மழைக்கால நிலா', 'கத்தாழை' என்றிருக்கும். நான் இதை ரசிகத்தனம் என்று நினைத்திருந்தேன். பிறகு யோசித்ததில் இதுதான் சரி என்று பட்டது. கெல்வின் என்பது காய்ச்சிய இரும்பு போலப் பழுத்து வெளிறும் வெளிச்சத்துக்கு ஏற்பட்ட அளவு. குண்டு பல்புக்கு அது பொருந்தும். மெர்க்குரி காய்ந்து பழுப்பதில்லை. அதன் பச்சை அந்த அளவுகோலில் ஏறாமல் விலகி நிற்கிறது. அதற்கு எண்ணைவிட நீராகாரம் நெருக்கம்.

(இங்கே ஒன்று. நம் கவிஞர்களில் பலர் நகரத்தைத் திட்டவேண்டிய இடம் வந்தால் 'நியான்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். நியான் ஆரஞ்சு கலந்த சிவப்பாக எரியும் வாயு. அது விளம்பரப் பலகையின் வெளிச்சம். அவர்கள் நடந்த தெருக்களில் எரிந்ததோ பெரும்பாலும் பாதரசம் - தெருவிளக்காகவோ குழல்விளக்காகவோ. சிவப்பே இல்லாத வெளிச்சத்துக்குச் சிவப்பின் பெயரை வைத்தது தற்செயலான தவறுதான், ஆனால் பார்க்காமல் எழுதியதற்குச் சாட்சி. வெகுஜன எழுத்தாளர் பாலகுமாரன் தன் நாவலுக்கு 'மெர்க்குரிப் பூக்கள்' என்று பெயர் வைத்தபோது குறைந்தபட்சம் உலோகத்தின் பெயரைச் சரியாகச் சொன்னார்.)

சிவப்பே இல்லை என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. பாதரச ஆவிக்குள் மின்சாரம் பாயும்போது அது எல்லா நிறத்தையும் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் குறிப்பிடும்படியானவை நாலைந்து கோடுகள்தான்: 405 நானோமீட்டரில் ஊதா, 436ல் நீலம், 546ல் பச்சை, 577க்கும் 579க்கும் ஓர் இரட்டை மஞ்சள். அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் சிவப்பு இருக்கவேண்டிய பிரதேசம் ஏறக்குறைய காலி. 1901ல் அமெரிக்காவில் பீட்டர் கூப்பர் ஹெவிட் தன் பாதரச விளக்குக்குக் காப்புரிமை பெற்றபோதே இது தெரிந்த விஷயம். அந்த விளக்கில் மனித முகம் பிணத்தின் முகமாகத் தெரிந்ததால் யாரும் வீட்டில் மாட்டவில்லை. புகைப்படக்காரர்களும் அச்சகங்களும் ஆரம்பகால சினிமா ஸ்டூடியோக்களும் எடுத்துக்கொண்டன. அந்தக் காலப் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. குருடுக்குக் குருடு துணை. பிறகு 1932ல் லண்டனை அடுத்த வெம்ப்ளியில் அதிக அழுத்த மெர்க்குரி விளக்கு தெருவுக்கு வந்தது. குண்டு பல்பைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம், அதே மின்சாரத்துக்கு. முகம் எப்படித் தெரிந்தால் என்ன, தெருதானே என்று உலகம் ஒப்புக்கொண்டது.

வெள்ளைப் பூச்சு பிற்பாடு வந்த சமாதானம். பாதரசம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் கொடுக்கிறது. அதைப் பிடித்துச் சிவப்பாக மாற்றும் பூச்சை வெளிக்கண்ணாடியின் உள்பக்கம் பூசினார்கள். 1960களில் யூரோப்பியம் கலந்த பூச்சுகள் வந்து இதை ஓரளவு சீர்படுத்தின. ஓரளவுதான். கடன் வாங்கிய சிவப்பு கடனாகவே இருந்தது. வயதாக ஆக உள்குழாய் கறுக்கிறது, பூச்சு தளர்கிறது, விளக்கு மங்கிப் பச்சைக்குத் திரும்புகிறது. இன்னொன்றும் உண்டு. குண்டு பல்பு இழை அறுந்து ஒரே கணத்தில் சாகும். மெர்க்குரி லேசில் சாகாது, எரிந்துகொண்டே குறையும். எரிகிற விளக்கை யார் மாற்றுவார்கள்? எனவே ஒரே தெருவில் அடுத்தடுத்த கம்பங்களில் வெவ்வேறு வயதுடைய வெளிச்சங்கள் நின்றன. நண்பர் நிறபேதம் என்று நோட்டில் குறித்துவைப்பதில் பாதி உண்மையில் வயது பேதம். அவர் விளக்குகளை ஒப்பிடுவதாக நினைக்கிறார், முதுமைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உறுத்தியது அந்த வெள்ளைச் சுவர். சுவரில் விழும் வெளிச்சத்தில் விளக்கு தன்னைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அந்த வெளிச்சத்தில் யாரும் வாழவில்லை. தெருவில் அது முகத்தின் மீது விழுந்தது, ஏலக்காய் மூட்டை மீது விழுந்தது, வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் நெற்றி மீது விழுந்தது. சுவருக்குப் பதில் ஏதாவது பொருளை வைத்துப் பாருங்களேன் என்று சொன்னேன். வைத்தார். தெளிந்த கண்ணாடி 125 வாட்டுக்கு முன்னால் போடி ஏலக்காய், கம்பத்துப் பன்னீர்த் திராட்சை, தக்காளி, ஒரு சிட்டிகைக் குங்குமம். ஏலக்காய் தன் பச்சையைவிட ஒரு படி பச்சையாக நின்றது. திராட்சை கறுத்தது, அது எப்படியும் கறுப்புக்குப் பக்கத்தில் இருப்பது, நஷ்டம் பெரிதில்லை. தக்காளி களிமண் உருண்டையாயிற்று. குங்குமம் அடுப்புக்கரி. அந்த அறையில் நின்றிருந்த எங்கள் இருவர் உதடுகளும் விறைத்துப்போனவர்களின் உதடுகள். ஒரு தலைமுறை தன் இரவுகளை இப்படிப்பட்ட முகத்தோடு கழித்திருக்கிறது, அதை முகமென்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் அவர் அந்தச் சம்பவத்தைச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன், பள்ளத்தாக்கின் ஓர் ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரிகள் நிற்கும் இடம். ராத்திரி இரண்டாம் ஆட்டம் முடிந்து வருகிற கூட்டம். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுமைதூக்கும் ஆள் குப்புறக் கிடக்கிறான். பக்கத்தில் கறுப்பாக ஏதோ தேங்கியிருக்கிறது. வண்டியிலிருந்து ஆயில் ஒழுகியிருக்கிறது, இவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆயிலில் கால் படாமல், ஜனங்கள் சுற்றிப் போனார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். டார்ச் வட்டம் விழுந்த இடத்தில் கறுப்பு சிவப்பாயிற்று. அந்தக் கணமே கூச்சல், ஓட்டம், துண்டைக் கிழித்துக் கட்டுவது, ஆஸ்பத்திரி. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு மேலே எரிந்தது கிழட்டு மெர்க்குரி, பச்சை தட்டிப்போனது என்று நண்பர் சொன்னார். குற்றம் விளக்கின்மீது என்பது அவர் தீர்ப்பு.

என்னால் அதை அப்படியே ஒப்ப முடியவில்லை. கிடந்தவன் தெரிந்தான். தேங்கியது தெரிந்தது. காணாமல்போனது ஒரு நிறம் மட்டும்தான். அந்த நிறம் வந்தவுடன் இரக்கமும் வந்தது. அப்படியானால் நம் இரக்கம் 600 நானோமீட்டருக்கு மேலே எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறதா? ஒரு மனிதன் தரையில் கிடப்பது போதாதா, அவன் சிவப்பாகவும் கிடக்கவேண்டுமா? விளக்கு அவர்களை ஏமாற்றவில்லை, அவர்கள் நிற்காமல் போவதற்கு ஒரு சௌகரியத்தைத்தான் கொடுத்தது என்று வாதிட்டேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, விளக்கே இல்லாதிருந்தால் யாராவது குனிந்து பார்த்திருப்பார்கள் என்றார்.

நான் சொன்னதைவிட இது ஆழமானது. இருட்டும் சிவப்பை எடுத்துக்கொள்கிறது. பர்க்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் விஞ்ஞானி 1820களில் இதைப் பதிவு செய்தார்: வெளிச்சம் குறையக் குறைய நம் கண் நீலம் பச்சைப் பக்கம் சாய்கிறது, முதலில் கறுப்பது சிவப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் பார்க்கப் புத்தகம் தேவையில்லை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகும் வானத்தில் வெளிச்சம் இருக்கும், பள்ளத்தாக்கில் நிழல் நிறைந்துவிடும். உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் வாழைத்தோப்பு வரப்பில் அந்த நேரத்தில் நின்றால் செம்பருத்தி கறுத்துப்போயிருக்கும், அதன் இலை இன்னும் துலங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சிவப்பை எடுத்ததற்காக மெர்க்குரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அந்தியையும் ஏற்றவேண்டும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இருட்டில் தெரியவில்லை என்பது நமக்குத் தெரியும். அதனால் குனிகிறோம், தடவுகிறோம், 'யாரது' என்று குரல் கொடுக்கிறோம். மெர்க்குரியில் தெரிகிறது என்று நினைத்தோம். அரைகுறை வெளிச்சத்தின் தார்மீகப் பிரச்சினை அதன் அரைகுறையில் இல்லை. அதில் நமக்கு வந்துவிடும் நிச்சயத்தில் இருக்கிறது. ஒரு காலகட்டத்தின் விமர்சன மொழியும் இதே மாதிரி நாலைந்து கோடுகளில் எரிகிற விளக்குதான், அதில் கறுப்பாகத் தெரிவதை ஆயில் என்று எழுதிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறோம் - இதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

புதிய விளக்கு இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்.இ.டி.யில் முகம் முகமாகத் தெரிகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்று மதிப்பெண் போடும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். சர்வதேச ஒளியியல் ஆணையம் 1960களில் வகுத்த தேர்வு அது. சூரியனுக்கும் குண்டு பல்புக்கும் ஏறத்தாழ நூறு. பூச்சில்லாத மெர்க்குரி இருபதைத் தாண்டுவதே கஷ்டம்; பூச்சு பூசியது நாற்பது, ஐம்பது; நெடுஞ்சாலையில் மஞ்சளாக எரிந்த சோடியம் இருபது சொச்சம். இன்றைய சாதாரண எல்.இ.டி. எழுபது, எண்பது வாங்கும். ஆனால் இந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அது ஒன்பதாவது, தனியாகப் பார்க்கப்படுவது, சராசரியில் சேராதது. எண்பது வாங்கும் எல்.இ.டி. அந்த ஒன்பதாவதில் பூஜ்யத்தை ஒட்டி நிற்பது சகஜம். தேர்வு நடத்துகிறவர்களே சிவப்பைப் பாடத்திட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள். இதனால் எல்.இ.டி.யில் ரத்தம் கறுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, கறுக்காது. நிச்சயம் இன்னும் கூடிவிடும் என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த மாடி அறையில் பச்சை மெதுவாக ஏறிவரும்போது என் மனம் இளகுகிறது. ஏன்? இளமையில் பார்த்தது என்பது பதில் இல்லை. இளமையில் பார்த்த எத்தனையோ அசிங்கங்களுக்கு மனம் இளகுவதில்லை. எனக்குத் தோன்றுவது: அந்த விளக்கு உடனடியாக எதையும் செய்யவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வீடுகளில் விளக்கு உடனே வந்துவிடும், ரேடியோ பாட ஆரம்பிக்கும். தெருவில் மெர்க்குரி மட்டும் வராது. சூடான குழாய் ஆறி, உள்ளே அழுத்தம் குறைந்த பிறகுதான் மறுபடி பற்றும். அந்தச் சில நிமிஷ இருட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அதன் புறஊதா பூச்சிகளை இழுத்தது. மலையடிவாரத்து ஊர்களில் மழைக்குப் பிந்தைய ராத்திரி கம்பத்தடியில் ஈசலும் விட்டிலும் குவிந்து கிடக்கும், தவளை அவற்றைத் தேடி வரும். பூச்சியியல்காரர்கள் இன்றும் விட்டில்களைப் பிடிக்கத் திரைக்கு முன்னால் மெர்க்குரி விளக்கைக் கட்டுகிறார்கள். விட்டில்களின் சாவை அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு ஜனத்தொகை இருந்தது.

மனம் இளகுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இளகுகிற மனம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது பாதரசம். நம் மொழியில் இதற்குப் பெயர் ரசம். ரசனைக்கும் ரசிகனுக்கும் சோற்றில் ஊற்றிக்கொள்வதற்கும் அதே சொல். கண்ணாடியில் பூச்சு உரிந்தால் ரசம் போய்விட்டது என்கிறோம். ஓடும் அந்த உலோகத்தைக் கட்டி நிறுத்துவது சித்தர்களின் ரசவாதக் கனவு. தொழிற்சாலை அதைக் குவார்ட்ஸ் குழாயில் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டது. குழாய் உடையும்வரை கட்டு நிற்கும். ஒரு விளக்கில் இருப்பது சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம்வரை. தெரு தெருவாகக் கூட்டினால் அது வேறு கணக்கு.

பாதரசம் இந்தப் பிரதேசத்துக்குத் தூரத்துச் செய்தி அல்ல. பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. அங்கே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களின் தொடக்கத்தில் பெயர்த்துக்கொண்டுவரப்பட்டது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003ல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று - ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு விஷக்குப்பை போவது அபூர்வம். 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016ல். ஆலை நின்ற இடத்தின் சரிவு பாம்பாறு சோலைக்குள் இறங்குகிறது. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் தலைநீட்டிக் குளிக்கிறோமே, அது. உலோகம் எல்லாவற்றுக்கும் பொது. 1956ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோயின் பெயரால் 2013ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியா 2018ல் ஏற்றது. பொது வெளிச்சத்துக்கான மெர்க்குரி விளக்கு உற்பத்திக்கு அது வைத்த கெடு 2020. கேட்ட நாடுகளுக்கு ஐந்து வருஷம் தவணை.

இந்த இடத்தில் நண்பரின் பைத்தியக்காரத்தனம் எதிர்பாராத ஒரு நியாயத்தைப் பெறுகிறது. குப்பைமேட்டில் நொறுங்கியிருக்கவேண்டிய அத்தனை பல்புகளும் அவர் மாடியில் வைக்கோலுக்கு நடுவில் முழுசாக இருக்கின்றன. சேகரிப்பவன் காப்பாற்றுவது விளக்கை என்று அவன் நினைக்கிறான். விளக்கிடமிருந்து மண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். ஆனால் இது அவருக்குப் பின்னால் என்னவாகும் என்ற கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறது. அவர் பிள்ளைகளுக்கு இதில் சிரத்தை இல்லை. ஒருநாள் எல்லாம் மறுபடி எடைக்குப் போகும். அவரிடம் சொன்னேன், அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. வெளிக்கண்ணாடி உடைந்த ஒரு பல்பும் அவரிடம் உண்டு. உள்குழாய் இன்னும் எரியும்; ஆனால் வெளிக்கண்ணாடிதான் புறஊதாவைத் தடுப்பது, அது இல்லாமல் ஏற்றினால் கண்ணும் தோலும் வெந்துபோகும். அதை மட்டும் ஏற்றுவதில்லை, யாருக்கும் காட்டுவதும் இல்லை, தனியாகக் கட்டி எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். மற்றவற்றை ஏற்றத்தான் செய்கிறார். ஏற்றினால் ஆயுள் குறையும், நிறம் இன்னும் பச்சைக்குப் போகும், அடுத்த தடவை நோட்டில் எழுதியது பொய்யாகும். ஏற்றாவிட்டால் அது பல்பு, வெளிச்சம் அல்ல. அவர் ஏற்றுவது சரி என்றே நினைக்கிறேன்.

நோட்டைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஊர், தெரு என்ற பத்தியை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். பஸ் ஸ்டாண்ட், கடைவீதி, கோயில் வாசல், சந்தைத்திடல், மெயின்ரோடு, தியேட்டர் முக்கு. ஒரு காலனியின் பெயர்கூட இல்லை. கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: அங்கே மெர்க்குரி போடவில்லையே, குண்டு பல்புதான். 40 வாட். அப்புறம் டியூப். இப்போது எல்.இ.டி. நம் கிராமங்களில் ஊருக்கு விளக்கு வந்த வருஷமும் காலனிக்கு விளக்கு வந்த வருஷமும் பல இடங்களில் ஒன்றல்ல. வந்த விளக்கும் ஒன்றல்ல என்பதை நான் யோசித்ததில்லை. பெரியாற்று நீர் மலைக்குள் திரும்பி இந்தப் பக்கம் விழ ஆரம்பித்தது 1895ல். லோயர் கேம்பில் அது மின்சாரம் ஆனது 1950களின் இறுதியில். வீட்டு வாசலில் பென்ஸ்டாக் குழாயில் மின்சாரம் பிறக்கிற ஊர்களிலும் இந்த வரிசை மாறவில்லை. எந்த வெளிச்சத்தின் இழப்பைப் பற்றி இத்தனை பக்கம் பேசிக்கொண்டிருக்கிறேனோ அது ஒரு சில தெருக்களின் வெளிச்சம்.

உடனே எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. குண்டு பல்பில் சிவப்பு நிறைய உண்டு. சூரியனுக்கு அடுத்தபடி நிறங்களுக்கு நேர்மையானது அது. அப்படியானால் மெயின்ரோட்டில் எல்லோரும் பிணமுகத்தோடு நடந்த காலத்தில் காலனியில் முகம் முகமாகத்தான் தெரிந்திருக்கிறது, குங்குமம் குங்குமமாக, ரத்தம் ரத்தமாக. இந்த வரியை எழுதி வைத்துக்கொண்டு சில நாள் சந்தோஷமாக இருந்தேன். அழகான தலைகீழ், கட்டுரை இதில் முடிந்திருந்தால் நண்பர்கள் பாராட்டியிருப்பார்கள். ஆனால் சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்கு நண்பரோடு போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், அந்தக் கால விளக்கு வெளிச்சம் என்ன நிறம் என்று அவர் தன் வழக்கப்படி கேட்டார். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எரிஞ்சாத்தானய்யா கலரு தெரியும். பீசு போச்சுன்னா மாத்த மாசக்கணக்கா வரமாட்டாக."

நண்பர் நோட்டை எடுத்துக் காலனியின் பெயரை எழுதி, குண்டு பல்பு, 40 வாட் என்று எழுதி, நிறத்துக்கான பத்தியில் 'பெரும்பாலும் எரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். அந்த வரிக்கு அவரிடம் பல்பு இல்லை. கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறார்.